காற்றாடி நிற்கும் நிலம் யாருடையது?

ஆடி பிறந்துவிட்டால் தென்மாவட்டங்களில் காற்றுக்கும் கணக்கு எழுதத் தொடங்கிவிடுவார்கள். காற்றாலை மின்உற்பத்தி இந்த ஆண்டு எவ்வளவு, போன ஆண்டைவிட எவ்வளவு கூடுதல் என்று முதல் பக்கத்தில் செய்தி வரும். அதே நாள்களில் மாவட்டச் செய்திப் பக்கத்தின் ஒரு மூலையில் வேறொரு செய்தியும் வரும்: காற்றாலை அமைக்க எதிர்ப்பு, கிராம மக்கள் ஆட்சியரிடம் மனு.

இந்த இரண்டாவது செய்தியைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. அந்த மனுவில் யாருடைய கையெழுத்து இருக்கிறது, யாருடைய கையெழுத்து இல்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப்படும் இத்தகைய மனுக்களில் பெரும்பாலும் என்ன இருக்கும்? வயலுக்குப் போகும் பாதையை மறித்துவிட்டார்கள், குளத்துக்கு வரும் ஓடையை மண் போட்டு மூடிவிட்டார்கள், கிரேன் போன தடத்தில் பயிர் அழிந்தது, பேசிய விலையைக் கொடுக்கவில்லை, இரவெல்லாம் சத்தம் கேட்கிறது. எல்லாம் நியாயமான குறைகள். ஆனால் இவற்றைச் சொல்பவர் பெரும்பாலும் பட்டா வைத்திருப்பவர். வயல் உள்ளவருக்குத்தான் வயல் பாதை பற்றிய வழக்கு. கிணறு உள்ளவருக்குத்தான் ஓடை பற்றிய வழக்கு. சர்வே எண் குறிப்பிட முடியாதவரின் இழப்பை எந்த மனுவில் எழுதுவது?

காலனித் தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையினர். காற்றாலை வந்தால் அவர்களுக்கு விலைப் பணம் வராது. வராமல் தடுத்தால் அந்த வெற்றியிலும் அவர்கள் பெயர் இருக்காது. ஆதரவுக் கூட்டத்திலும் எதிர்ப்புக் கூட்டத்திலும் அவர்கள் பின்வரிசையில் நிற்கிறார்கள்.

காற்றாலை வேண்டாம் என்பதா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். காற்றாலை மின்சாரம் வேண்டாம் என்று இந்தப் பத்தி சொல்லவில்லை. நிலக்கரி எரிந்து விழும் சாம்பலைச் சுவாசிப்பவர்களும் ஏழைகள்தான். எண்ணூரில் சாம்பல் கழிவு கலந்த ஆற்றில் வலை வீசும் மீனவரைக் கேட்டால் சொல்வார். மழை தவறினாலும் வெயில் கூடினாலும் முதலில் வேலையிழப்பவர் விவசாயக் கூலி. அந்த வகையில் புகையில்லாத மின்சாரம் தலித் மக்களுக்கும் தேவையான ஒன்று.

ஆனால் மின்சாரம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. அது வந்த வழியும் சுத்தமாக இருக்க வேண்டும். காற்றாடியின் இறக்கை எவ்வளவு உயரத்தில் சுற்றினாலும் அதன் கால் ஒரு நிலத்தில்தான் ஊன்றியிருக்கிறது. அந்த நிலம் யாருடையது, எப்படிக் கைமாறியது, அதில் முன்பு யார் பிழைத்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

காற்று வந்த வழி

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள கணவாய்கள்தான் தமிழ்நாட்டுக்குக் காற்றைத் திறந்துவிடும் வாசல்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய நான்கும் முக்கியமானவை. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை இந்த வாசல்கள் வழியே வேகமெடுத்துக் கிழக்கே இறங்குகிறது. முப்பந்தல், பணகுடி, ராதாபுரம், கயத்தாறு, ஆலங்குளம் என்று காற்றாடிகள் வரிசைகட்டி நிற்பதற்கு இதுதான் காரணம்.

தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை 1985-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனை முறையில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட்தான். இன்று ஒரே காற்றாலை 2,000 கிலோவாட்டுக்கு மேல் தருகிறது. மாநிலத்தின் மொத்தக் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நாட்டில் குஜராத்தும் தமிழ்நாடும்தான் இதில் முன்னணி.

இந்த வளர்ச்சிக்குக் காற்று மட்டும் காரணமில்லை. வருமான வரிச் சலுகையும் காரணம். காற்றாலையில் போட்ட முதலீட்டின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள 1990-களிலிருந்து மத்திய அரசு அனுமதித்தது. நூற்பாலைகளும் சிமென்ட் ஆலைகளும் தங்கள் மின்கட்டணத்தைக் குறைக்கவும் வரியைக் குறைக்கவும் காற்றாலை வாங்கின. ஆகவே நம் ஊர் எல்லையில் சுற்றும் காற்றாடியின் சொந்தக்காரர் பெரும்பாலும் வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ இருக்கிறார். அவரை ஊரில் எவரும் பார்த்ததில்லை. ஊர் பார்த்தது நிலத் தரகரையும், ஒப்பந்தக்காரரையும், காவலாளியையும்தான்.

நிலம் விற்றவருக்குப் பணம், உழைத்தவருக்கு?

நிலம் தொடர்பான ஒரு கணக்கை முதலில் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நாடு முழுவதும் எடுத்தால் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு. நிலத்தில் வேலை செய்பவர் ஒருவர், நிலத்துக்கு உரியவர் மற்றொருவர் என்பதுதான் நம் கிராமங்களின் அமைப்பு.

இந்த அமைப்புக்குள் காற்றாலை வரும்போது என்ன நடக்கிறது? மானாவாரி நிலத்தை வைத்திருப்பவருக்கு நல்ல விலை கிடைக்கிறது, விற்றுவிடுகிறார். அது அவர் உரிமை. ஆனால் அதே நிலத்தில் களையெடுத்தவர்களுக்கும் பருத்தி எடுத்தவர்களுக்கும் உளுந்து பறித்தவர்களுக்கும் அந்த விற்பனைப் பத்திரத்தில் இடமில்லை. அவர்கள் இழந்தது ஆண்டுக்குச் சில பத்து நாள் கூலி. அதைப் பதிவு செய்யும் கணக்குப் புத்தகம் எதுவும் கிடையாது.

அடுத்தது தரிசு. அரசு ஏட்டில் அது புறம்போக்கு, மேய்க்கால், கரடு. அதிகாரியின் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் நிலம். காலனிப் பெண்களுக்கு அது ஆடு மேய்க்கும் இடம், விறகு ஒடிக்கும் இடம், பனை ஓலை எடுக்கும் இடம். வேலையில்லாத மாதங்களில் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்களுக்கு அது பிழைப்பு. நிலமற்ற குடும்பத்துக்கு நான்கு ஆடு என்பது வங்கியில் போட்ட பணம் மாதிரி. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் ஓர் ஆடு சந்தைக்குப் போகும். மேய்க்கால் சுருங்கினால் அந்தச் சேமிப்பும் சுருங்கும்.

காற்றாலைக்கு அதிக நிலம் தேவையில்லை, ஒரு கோபுரத்துக்கு ஓரிரு ஏக்கர் போதும் என்பார்கள். கோபுரத்துக்கு அது போதும். கோபுரத்துக்குப் போகும் பாதை, மின்கம்பி செல்லும் தடம், துணை மின்நிலையம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் மிஞ்சிய நிலத்தில் வழக்கம்போல் மேய்க்கலாம் என்று பேச்சுவார்த்தையில் சொல்லப்படும். வேலி போட்ட பிறகு காவலாளி வேறு சொல்வார். வாய்மொழியாகக் கிடைத்த உறுதி வேலிக்கு முன்னால் செல்லாது.

பாதையைப் பற்றிப் பேசும்போது காலனி மக்கள் மனத்தில் உள்ள ஒரு கசப்பையும் எழுதியாக வேண்டும். எத்தனையோ ஊர்களில் தலித் மக்களின் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. வயல் வரப்பில், இடுப்பளவு தண்ணீரில், பாடையைத் தூக்கிக்கொண்டு போகும் படங்கள் மழைக்காலந்தோறும் நாளிதழ்களில் வருகின்றன. பாதை கேட்டு மனு கொடுத்தால் பட்டா நிலம் குறுக்கே இருக்கிறது, நில எடுப்பு சிக்கல் என்று பதில் வரும். நீண்ட இறக்கையை ஏற்றிய வண்டி ஊருக்குள் வரவேண்டும் என்றால் மட்டும் அந்தச் சிக்கலெல்லாம் தீர்ந்து பாதை வந்துவிடுகிறது. மனம் இருந்தால் பாதை உண்டு என்பதை எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம், கிரேன் நடத்திவிட்டது.

பஞ்சமி என்னும் மறக்கடிக்கப்பட்ட பத்தி

இனி இந்தப் பிரச்சினையின் மையத்துக்கு வருவோம்.

செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். பறையர் மக்களின் வறுமைக்கும் அடிமை நிலைக்கும் நிலமின்மைதான் வேர் என்று அதில் சுட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசின் வருவாய்த் துறை ஆணை எண் 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் நிலம் ஒப்படைக்கப்பட்டது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதைத்தான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்கிறோம்.

நிபந்தனை எளிமையானது. முதல் 10 ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை எவருக்கும் கைமாற்றக் கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் அரசு அந்த நிலத்தை இழப்பீடு தராமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நூறு கை மாறியிருந்தாலும் இந்த நிபந்தனை நிலத்தோடு ஒட்டியே வரும்.

அப்படியானால் இத்தனை ஏக்கரும் எங்கே போயின? கந்துவட்டிக்கும் கல்யாணச் செலவுக்கும் வெற்றுத் தாளில் வைத்த கைநாட்டில் போனது கொஞ்சம். மிரட்டலில் போனது கொஞ்சம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது, அனுபோகத்தில் இருந்தவர் பெயரே பட்டாவில் ஏறியதில் போனது கொஞ்சம். பழைய பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் இருந்த நிபந்தனை ஒப்படைப்பு என்ற சொல் புதிய பதிவேட்டில் காணாமல் போனது. ஏட்டில் ஒரு பத்தி மறைந்தது. ஊரில் ஒரு தலைமுறையின் நிலம் மறைந்தது.

காற்றாலைக்கு நிலம் வாங்கும் நிறுவனம் எதைப் பார்க்கிறது? இன்றைய பட்டா, சிட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று. இவற்றில் ஒன்றிலும் 1892 தெரியாது. பஞ்சமி நிலம் அதற்கு முன்பே இரண்டு மூன்று கைகள் மாறியிருக்கும். தரகர் பொது அதிகாரப் பத்திரம் வாங்கி, பல சிறு துண்டுகளை ஒன்றுசேர்த்து, ஒரே தொகுப்பாக நிறுவனத்துக்குக் கொடுப்பார். அந்தத் தொகுப்புக்குள் பஞ்சமியும் இருக்கலாம், நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து நிலமற்றவருக்குக் கொடுத்த நிலமும் இருக்கலாம், பூதான நிலமும் இருக்கலாம். வாங்கியவர் தெரியாமல் வாங்கினேன் என்பார். விற்றவர் ஊரில் இருக்க மாட்டார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு விவரத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1892 ஆணை சென்னை மாகாணத்துக்கானது. ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதிகள், செங்கோட்டையும் அப்படித்தான். ஜமீன் ஊர்களின் நில வரலாறும் தனி. ஆகவே எல்லா ஊரிலும் பஞ்சமி இருக்கும் என்று பொத்தாம் பொதுவாகப் பேசினால் நம் வழக்கு பலவீனமாகும். சர்வே எண் வாரியாகத் தேடிச் சொன்னால்தான் பலம்.

பஞ்சமி நிலம் பற்றிய கோரிக்கை ரத்தம் சிந்திய கோரிக்கை என்பதையும் நினைவில் வைப்போம். செங்கல்பட்டு அருகே காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். அந்த உயிர்களுக்குப் பிறகும் தமிழ்நாட்டின் பஞ்சமி நிலங்கள் அனைத்தையும் சர்வே எண்ணோடு எந்தக் குடிமகனும் பார்க்கும்படியான ஒரு முழுப் பட்டியல் பொதுவில் வைக்கப்படவில்லை. பட்டியல் இருந்தால் நிறுவனம் தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல முடியாது. அரசும் தெரியாமல் அனுமதித்தேன் என்று சொல்ல முடியாது.

கருத்துக் கேட்காத சட்டம்

ஓர் அனல்மின் நிலையம் வருகிறது என்றால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டும். காற்றாலைக்கு இரண்டும் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை சேர்க்கப்படவில்லை. புகை இல்லாத தொழில் என்பதால் விட்டுவிட்டார்கள்.

அரசு நிலம் எடுத்தால் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தச் சட்டம் நில உரிமையாளரோடு, நிலத்தை நம்பிப் பிழைக்கும் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகக் கருதுகிறது. ஆனால் காற்றாலை நிலம் பெரும்பாலும் தனியார் தனியாரிடம் வாங்கும் நிலம். அங்கே இந்த மதிப்பீடு வருவதில்லை. கூலிக்காரரை ஒரு மனிதராகக் கணக்கில் எடுத்த ஒரே சட்டமும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட நிலப்பகுதிக் காற்றாலை வழிகாட்டு நெறிகளில் குடியிருப்பிலிருந்து குறைந்தது 500 மீட்டர் தள்ளிக் காற்றாலை அமைய வேண்டும் என்று உள்ளது. இரைச்சலைக் கருதி வைத்த விதி. நல்ல விதிதான். ஆனால் எந்தக் குடியிருப்பிலிருந்து அளக்கிறார்கள்? நம் கிராமங்களில் ஊர் வேறு, காலனி வேறு. ஊர் நடுவில் இருக்கும். காலனி எல்லையில், புறம்போக்கை ஒட்டி இருக்கும். ஊர் சாவடியிலிருந்து அளந்தால் 500 மீட்டர் வரும் இடம், காலனியின் கடைசி வீட்டிலிருந்து அளந்தால் 200 மீட்டராக இருக்கலாம். அளவுநாடாவைப் பிடிக்கும்போது காலனிக் கடைசி வீட்டில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

மழையைக் காற்றாடி விரட்டுகிறதா?

எதிர்ப்புக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. காற்றாடி வந்த பிறகுதான் மழை போய்விட்டது, இறக்கை சுற்றி மேகத்தைக் கலைத்துவிடுகிறது என்பார்கள். மகாராஷ்டிரத்தின் சில பகுதிகளிலும் விவசாயிகள் இப்படிச் சொல்லிப் போராடியதுண்டு. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இன்றைய பெரிய காற்றாடியின் இறக்கை முனைகூட தரையிலிருந்து 200 மீட்டர் அளவில்தான் இருக்கும். மழை மேகம் அதற்கு வெகு மேலே திரள்கிறது. மழையைக் கொண்டுவருவதும் தவறவிடுவதும் கடலும் பருவக்காற்றும்தான்.

இதை நாம் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ஒரு தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால் எதிரில் இருப்பவர் அதை மட்டும் மறுத்துவிட்டு, மீதி நியாயமான கேள்விகள் அனைத்தையும் அறியாமை என்று தள்ளிவிடுவார். மழை தவறியதற்குக் காற்றாடி காரணமில்லை. பெய்த மழை குளத்துக்கு வராததற்குக் காற்றாலைப் பாதைக்காக மேடாக்கப்பட்ட ஓடை காரணமாக இருக்கலாம். முதலாவது வதந்தி, இரண்டாவது அளந்து பார்க்கக் கூடிய உண்மை. நம் மனுவில் இரண்டாவதுதான் இருக்க வேண்டும்.

கோபுரம் நின்ற பிறகு வந்த தீர்ப்பு

இந்தச் சிக்கல் நம் ஊரில் மட்டும் இல்லை. நார்வே நாட்டின் ஃபோசன் பகுதியில் சாமி என்னும் பழங்குடி மக்கள் பனிமான் மேய்த்து வாழ்கிறார்கள். அவர்களின் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாடிகள் நிறுவப்பட்டன. வழக்குப் போட்டார்கள். 2021 அக்டோபர் 11 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சாமி மக்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது, கொடுத்த அனுமதி செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மேய்ப்பவர்கள் வென்றார்கள்.

ஆனால் காற்றாடிகள் நிற்கவில்லை. தீர்ப்பு வந்து 500 நாள் ஆகியும் அவை சுற்றிக்கொண்டே இருந்தன. 2023-இல் இளைஞர்கள் தலைநகர் ஓஸ்லோவில் அமைச்சகங்களின் வாசலை மறித்து அமர்ந்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது. கடைசியில் இழப்பீடு, மாற்று மேய்ச்சல் நிலம் என்று உடன்பாடு ஏற்பட்டது. காற்றாடிகள் இன்றும் அங்கேயே நிற்கின்றன.

சட்டம் வலுவாக உள்ள பணக்கார நாட்டிலேயே இதுதான் நிலை. கோபுரம் நின்ற பிறகு கிடைக்கும் நீதி பாதி நீதிதான். பல கோடி ரூபாய் முதலீடு நிற்கும் நிலத்தை எந்த வட்டாட்சியர் பஞ்சமி என்று சொல்லித் திரும்ப எடுப்பார்? ஆகவே அஸ்திவாரக் குழி தோண்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இப்போது ஏன் கேட்க வேண்டும்?

அப்படிக் கேட்பதற்கான வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்டது. இருபது ஆண்டுகளைக் கடந்த சிறிய காற்றாடிகளைக் கழற்றிவிட்டு, பல மடங்கு திறன்கொண்ட பெரிய காற்றாடிகளை நிறுத்துவது அதன் முக்கிய நோக்கம். நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் பழைய சிறிய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் இது தேவையான கொள்கைதான்.

பெரிய காற்றாடி வந்தால் பெரிய பாதை, பெரிய அஸ்திவாரம், புதிய மின்தடம், புதிய ஆவணங்கள் எல்லாம் வரும். அதாவது, முதல் சுற்றில் எவரும் கேட்காமல் விட்ட நிலக் கேள்வியைக் கேட்க இரண்டாவது சுற்று வந்திருக்கிறது. இதைத் தவறவிட்டால் இன்னும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு. ஒன்று, புதிய காற்றாலைக்கோ புதுப்பிப்புக்கோ விண்ணப்பம் வந்தால் இன்றைய பட்டாவோடு, யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டையும் ஒப்பிட்டு, பஞ்சமி நிலமோ நிபந்தனை ஒப்படைப்பு நிலமோ இல்லை என்று வருவாய்த் துறை சான்று தர வேண்டும். இரண்டு, பஞ்சமி நிலம் என்று தெரிந்தால் மீட்டு உரியவரின் வாரிசுகளுக்கோ ஊரின் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கோ ஒப்படைக்க வேண்டும். மூன்று, கருத்துக்கேட்பைக் கட்டாயமாக்கி, அதைக் காலனியிலும் நடத்த வேண்டும். நான்கு, நிலமற்றவர்களின் மேய்ச்சல், கூலி இழப்பைக் கணக்கெடுத்து ஈடு செய்ய வேண்டும். ஊருக்கு நன்கொடை என்று நிறுவனம் கொடுக்கும் தொகை கோயில் திருப்பணிக்குப் போனால், அந்தக் கோயிலுக்குள் நுழைய முடியாத தெருவுக்கு அதில் என்ன பங்கு?

நாம் செய்ய வேண்டியது

அரசிடம் கேட்பதோடு நிற்காமல் நம் கையில் உள்ளதையும் செய்வோம். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதில் முக்கியமான வேலை இருக்கிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல்களை அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். காற்றாலை நிற்கும், வரப்போகும் சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களுக்குரிய பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். குறிப்புப் பத்தியில் டி.சி. என்றோ நிபந்தனை ஒப்படைப்பு என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தாத்தா, பாட்டியிடம் அந்தத் துண்டுக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பறையன் காடு, சக்கிலியன் புஞ்சை, பள்ளக்காடு போன்ற வாய்வழிப் பெயர்கள் நீதிமன்றத்தில் ஆவணமாகாமல் போகலாம். எந்தப் பதிவேட்டைத் தேட வேண்டும் என்று வழிகாட்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் கூடிய பிறகு பேசுவதைவிட, காலனியில் முன்கூட்டியே கூடி எழுதி வைத்த தீர்மானத்தோடு போவது நல்லது. நிலம் அபகரிக்கப்பட்டது உறுதியானால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்குச் சொந்தமான, ஒப்படைக்கப்பட்ட நிலத்தை முறைகேடாகப் பிடிப்பதும் அனுபவ உரிமையைத் தடுப்பதும் அதன் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளின்படி குற்றம். ஆவணத்தைத் திரித்து எழுதுவதையும் அந்த முறைகேட்டில் சேர்த்து 2015 திருத்தம் விளக்கியிருக்கிறது.

இறுதியாக, எதிர்ப்பதும் இழப்பீடு கேட்பதும் மட்டும் நம் எல்லையாக இருக்க வேண்டியதில்லை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்த நிதியோடு வங்கிக் கடனும் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஒரு சாதாரண கிராம ஊராட்சி காற்றாலைக்குச் சொந்தக்காரராக முடியும் என்பதற்கு இது கண்முன் உள்ள சான்று.

தனித்தொகுதி ஊராட்சித் தலைவர்கள் இதை ஏன் கையில் எடுக்கக் கூடாது? மீட்ட பஞ்சமி நிலத்தில் அந்தக் குடும்பங்களே கூட்டுறவாகச் சேர்ந்து, தாட்கோ கடனுதவியோடு, ஒரு காற்றாடிக்குப் பங்குதாரர் ஆகட்டும். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஐ.டி.ஐ. படித்த அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இரவுக் காவலாளி வேலையோடு நின்றுவிடாமல், கோபுரத்தில் ஏறும் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஆகட்டும்.

காற்றுக்குப் பட்டா இல்லை. அது ஊரையும் தொடும், காலனியையும் தொடும். அதிலிருந்து வரும் வருமானம் மட்டும் ஏன் ஒரு தெருவோடு நின்றுவிட வேண்டும்? அடுத்த ஆடிக்காற்று வீசுவதற்குள், உங்கள் ஊர் எல்லையில் நிற்கும் காற்றாடியின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். கேள்வி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.